அன்னமும் ஸ்வானும்: ஒரு பெயர்ப்பு வழக்கின் மறுஆய்வு

ஆங்கிலத்தில் 'ஸ்வான்' எனப்படும் பறவைக்கு 'அன்னம்' என்னும் சொல்லை நிகராக வைப்பது அகராதிகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் நிலைபெற்றுவிட்ட வழக்காகும். இவ்வழக்கு பழந்தமிழ் இலக்கியம் கூறும் பறவைக்கும் பொருந்தவில்லை, பறவையியல் கூறும் பறவைக்கும் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஸ்வான்கள் 'சிக்னஸ்' பேரினத்தைச் சார்ந்தவை. பொதுவாக ஆறு இனங்கள் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் நான்கு வடகோளத்திலும், ஒன்று ஆஸ்திரேலியாவிலும், ஒன்று தென்னமெரிக்காவிலும் வாழ்கின்றன. இந்தியாவிற்கு இவை மிக அரிதாக, அதுவும் வடமேற்குப் பகுதிக்கே, வழிதவறி வருவனவாம். தமிழ்ப் புலவர்கள் பழகி அறிந்த பறவை இதுவாக இருத்தல் அரிது.

இலக்கியச் சான்றுகளும் இதனையே காட்டுகின்றன. அன்னத்திற்குச் செந்நிறக் கால்கள் கூறப்படுகின்றன. வடகோள ஸ்வான்களின் கால்களோ பொதுவாகக் கருமையானவை. அன்னம் நடைக்கு உவமையாகின்றது. ஸ்வானுக்குக் கால்கள் உடலின் பின்புறமாக அமைந்திருப்பதால் அது நிலத்தில் தடுமாறியே நடக்கும். புறநானூற்று 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் விளிக்கும் அன்னம் குமரித்துறையில் இரையுண்டு வடமலைக்குச் செல்வது. இவ்வலசை வரித்தலை வாத்து எனப்படும் 'ஆன்செர் இண்டிகஸ்' பறவையை நினைவூட்டுகின்றது. மங்கோலியா, திபெத்து, லடாக்கு ஆகிய இடங்களில் இனம்பெருக்கி, இமயத்தைக் கடந்து, குளிர்காலத்தில் தென்னிந்தியா வரை அது வருகின்றது. அதன் கால்கள் செம்மஞ்சள் நிறத்தவை. நிலத்தில் நடந்து புல்மேயும் இயல்பும் அதற்குண்டு. வடமொழி 'ஹம்ஸ', இலத்தீன் 'ஆன்செர்', செருமானிய 'கான்ஸ்' ஆகியன ஒருமூலச் சொற்கள் என்பதும், 1962இல் வெளியான ஃபோகெலின் நூல் ஹம்ஸத்தை இப்பறவை வகையோடு இணைத்ததும் ஈண்டுக் கருதத்தக்கன.

இம்முடிவிற்குத் தடையாக நிற்பது நிறம். புலவர் கூறும் தூவெண்மை சாம்பல் நிறமுடைய வரித்தலை வாத்திற்கு முழுதும் பொருந்தாது. எனவே இலக்கிய அன்னம் கண்ட பறவையும் கற்பனையும் கலந்தது எனல் தகும். ஆயினும் அக்கலப்பில் கண்ட பறவையின் கூறு ஸ்வானுடையது அன்று.

இப்பெயர்மயக்கத்தால் விளையும் கேடு சொல்லளவில் நிற்பதன்று. பிரிட்டனில் ஸ்வான்கள் தூண்டில்களின் ஈயக்குண்டுகளை, இரைப்பையில் உணவை அரைக்க உதவும் பரல்களோடு விழுங்கி, நஞ்சேறி மாண்டன. 1987இல் அக்குண்டுகளுட் பெரும்பாலானவை தடைசெய்யப்பட்டபின் அவற்றின் எண்ணிக்கை உயர்ந்தது. இச்செய்தியை 'அன்னம்' என்னும் சொல்லால் பெயர்க்கும்போது, பாலையும் நீரையும் பிரிக்கும் பறவையே வாசகர் மனத்தில் எழுகின்றது. பரலையும் ஈயத்தையும் பிரித்தறியாது இறக்கும் உண்மைப் பறவை அங்கே மறைகின்றது. மறுபுறம், கூந்தன்குளத்திற்கு ஆண்டுதோறும் வரும் பறவை 'வாத்து' எனப்பட்டு, வயலில் மேய்க்கப்படும் வளர்ப்புப் பறவையோடு ஒன்றாக எண்ணப்படுகின்றது. ஈராயிரம் ஆண்டு இலக்கியத் தொடர்பு அப்பெயரோடு அறுபடுகின்றது. தன் இலக்கியத்தில் வாழும் பறவை இது என அறிந்த ஒருவர் அதன் குளத்தைக் காக்க முன்வருதல் எளிது.

வழக்கூன்றிய சொல்லை மாற்றல் இயலாது என்பர். மாற்ற வேண்டியதில்லை, அடைகொடுத்து வேறுபடுத்தினால் போதும். 'ஆன்செர் இண்டிகஸ்' பறவையை 'வரித்தலை அன்னம்' எனலாம். ஸ்வானை 'நெடுங்கழுத்து அன்னம்' எனக் கொண்டு, அறிவியல் நூல்களில் முதன்முறை வழங்குமிடத்துப் பேரினப் பெயரையும் தமிழெழுத்தில் சேர்த்தெழுதலாம். 'வாத்து' என்பதை அதற்குரிய சிறுபறவைகளுக்கே விட்டுவிடலாம். 1843இல் வெளியான ஆண்டர்சனின் அழகற்ற வாத்துக்குஞ்சுக் கதையைப் பெயர்ப்பவருக்கும் இவ்வேறுபாடு பயன்படும். அக்கதையின் பொருளே இவ்விரு பறவைகளின் வேறுபாட்டில்தான் அமைந்துள்ளது.

பழம்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் அன்னத்தை ஸ்வான் என எழுதுமுன், அங்கே நடப்பது எந்தப் பறவை என ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.