புருடென்சியசும் வர்ஜிலும்: கொண்டதும் விட்டதும்

பிற்கால இலத்தீன் கவிதையை வர்ஜிலின் வெறும் நிழலெனக் கருதுவோர் உளர். கி.பி. 348இல் பிறந்த புருடென்சியசின் ‘சைக்கோமாக்கியா’ அக்கருத்திற்கு மறுப்பாக அமைகிறது. ‘ஈனிட்’ காப்பியத்தின் 6ஆம் நூலில், திராய் மக்களின் துன்பத்திற்கு என்றும் இரங்கிய அப்பல்லோவை ஈனியஸ் வேண்டுகிறான். அவ்வேண்டுதலின் முதலடியையே புருடென்சியஸ் முகவுரையை அடுத்து நூலின் தொடக்க அடியாக்குகிறார். மாற்றியவை இரு சொற்களே. அப்பல்லோவின் இடத்தில் கிறிஸ்துவும், திராயின் இடத்தில் மாந்தரினமும் அமைகின்றன. ஒரு நகரின் துன்பம் மனித குலத்தின் துன்பமாக விரிவது மூலத்தை அறிந்தவர்க்கே புலனாகும். எனவே இக்கடன் மறைக்கப்பட்டதன்று. அறியப்பட வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

எனினும் ஓர் இழப்பும் உண்டு. உயிர்ப்பிச்சை வேண்டிய டர்னசை ஈனியஸ் கொல்லும் இறுதிக் காட்சியில், வெற்றியின் நேர்மையே ஐயத்திற்கு உள்ளாகிறது. நற்பண்புகளும் தீப்பண்புகளும் பொருதும் புருடென்சியசின் களத்தில் அவ்வையத்திற்கு இடமில்லை. வீழ்வன தீமைகளாதலின் அவற்றிற்கு இரங்குவார் இலர். இரக்கமுடையோனை விளித்துத் தொடங்கும் நூல், காப்பியத்தின் போர்மொழியைக் கொண்டு, பகைவர்பால் வர்ஜில் காட்டிய இரக்கத்தை விட்டுவிடுகிறது. கொண்டவற்றோடு விட்டவற்றையும் ஒருங்கே நோக்குவதே இவ்விரு கவிஞர்தம் உறவைத் தெளிவாக உணர்த்தும்.