ஊசி செய்தவர்களின் பேத்தி

இங்கிலாந்தில் எந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். ஓய்வூதிய வயதைத் தாண்டிய நாலைந்து பேர், கையில் பென்சிலும் கொப்பியுமாக (பேனாவுக்கு அங்கே அனுமதியில்லை) பழைய தேவாலயப் பதிவேடுகளின் மேல் குனிந்திருப்பார்கள். இன்று இவர்களில் பலர் வீட்டிலிருந்தே கணினியில் தேடுகிறார்கள்; ஆனாலும் அந்தக் கூட்டம் முற்றாகக் கலைந்துவிடவில்லை. நாம் முதன்முதலில் அங்கே போனது வேறொரு அலுவலாக. பக்கத்து மேசையிலிருந்த கிழவர் திடீரென நிமிர்ந்து, தன் பூட்டனார் ஆணி அடிப்பவராக இருந்திருக்கிறார் என்று எம்மிடம் சொன்னார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எமக்கு விளங்கவில்லை. பிரபு வம்சம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் விளங்கியிருக்கும். ஆணிக்கு ஏன் இத்தனை மகிழ்ச்சி?

அந்தக் கேள்விக்கு ஓரளவு விடை தருகிற நூல் அலிஸன் லைட் எழுதிய 'கொமன் பீப்பிள்' (சாதாரண சனங்கள்). 2014 இல் வெளிவந்தது. லைட் போர்ட்ஸ்மத்தில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2007 இல் வேர்ஜினியா வுல்ஃபின் வீட்டு வேலைக்காரிகளைப் பற்றி எழுதிக் கவனம் பெற்றவர். ஒக்ஸ்போர்ட் றஸ்கின் கல்லூரியில் தொழிலாளருக்கு வரலாறு கற்பித்து, அவர்களையே வரலாறு எழுதவும் வைத்த றஃபேல் சாமுவேலின் துணைவி. சாமுவேல் 1996 இல் காலமானார். இந்த நூலில் லைட் தன் சொந்த முன்னோரைத் தேடிப் போகிறார். கண்டடைவது வில்ற்ஷயரில் கல் அடுக்கிய மேசன்மார், றெடிச்சை அண்டிய பிரதேசத்தில் ஊசி செய்தவர்கள், கப்பலோட்டிகள், வீட்டு வேலைக்காரிகள். ஒரு பூட்டி 'வேர்க்ஹவுஸ்' எனப்பட்ட ஏழைகள் அடைப்பில் பிறந்து, மனநோய் மருத்துவமனையில் இறந்திருக்கிறாள். கண்டுபிடித்த எதையும் லைட் பூசி மெழுகவில்லை. பரிதாபப் பாட்டும் பாடவில்லை.

இத்தகைய தேடலுக்கு ஆங்கிலேயனிடம் இருக்கிற ஆதாரங்களைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1538 இல் தோமஸ் குறொம்வெல் இட்ட கட்டளையின்படி ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றை எழுதத் தொடங்கியது. 1837 யூலை முதல் அரசாங்கப் பதிவு வந்தது. 1801 இலிருந்து பத்து வருடத்துக்கொரு குடிசன மதிப்பு. 1841 இலிருந்து பெயரோடும் தொழிலோடும். 1851 இல் பிறந்த பங்கின் பெயரும் சேர்ந்தது. தொழிலும் ஊரும் ஒரே வரியில் அமைந்த பிறகு தேடுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? ஊரில் ஒரே பெயரில் ஆறு ஜோன் இருந்தாலும், சக்கரம் செய்த ஜோனையும் வயலில் கூலிக்கு நின்ற ஜோனையும் பிரித்தெடுத்துவிடலாம்.

சில வேளை தொழிலே ஊரைச் சொல்லும். நெய்த கம்பளியைத் தண்ணீரில் போட்டு மிதித்து இறுக்குகிற வேலை இருந்தது. அதைச் செய்தவனுக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர் என்று பெயர், தென்மேற்கில் ரக்கர், வடக்கிலும் மேற்கு மத்திய பகுதியிலும் வோக்கர். வேலை ஒன்று, பெயர் மூன்று. இன்று லண்டன் பஸ்ஸில் எம்மருகே அமர்ந்திருக்கும் ஒரு வோக்கருக்கு, தன் மூதாதை எந்தத் திசையில் துணி மிதித்தான் என்ற தடயம் பெயரிலேயே ஒட்டிக்கிடக்கிறது. வைக்கோல் பின்னினால் லூற்றன் பக்கம், காலுறை பின்னினால் நொற்றிங்ஹம் அல்லது லெஸ்ரர், கத்தி என்றால் ஷெஃபீல்ட், ஆணி என்றால் 'கறுப்பு நாடு' எனப்படும் பேர்மிங்ஹம் அயல்.

ஊசி என்றால் றெடிச். ஊசிக்கு முனை தீட்டுவது தனித் தொழில். உலர்ந்த சாணைக் கல்லில் ஒரு பிடி கம்பியை ஒன்றாக வைத்து உருட்டித் தீட்டவேண்டும். கல்லின் தூளும் உருக்கின் தூளும் நெஞ்சுக்குள் போகும். தீட்டுபவர் இளமையிலேயே இருமிச் செத்துப்போவார். தூசை உறிஞ்சியெடுக்கும் விசிறியைப் பொருத்த வந்தபோது எதிர்த்தவர்கள் அந்தத் தொழிலாளரே. ஆபத்துக் குறைந்தால் ஆட்கள் கூடுவார்கள், கூலி இறங்கிவிடும் என்ற பயம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மடைமை போலத் தெரியும். அந்தக் கூலியில் பிள்ளை வளர்த்தவனுக்கு அது கணக்கு. (இடையில் ஒன்று: சென்னை திருவொற்றியூரில் 1955 முதல் தயாரான றோயல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிளின் பூர்வீகமும் றெடிச் ஊசிப் பட்டறைதான். ஊசி செய்த கம்பனி சைக்கிளுக்கு மாறி, பிறகு துப்பாக்கி உதிரிகளுக்கு மாறி, கடைசியில் மோட்டார் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தது. பரம்பரை தேடும் நோய் பொருட்களையும் விடாது.)

ஆனால் ஆவணங்கள் யாருடைய கண்ணால் பார்க்கின்றன என்பதைத் தேடுகிறவர் மறந்துவிடக் கூடாது. 1841 குடிசன மதிப்பில், தகப்பன் தாய்க்கு உதவியாக வீட்டில் வேலை செய்யும் பிள்ளைகளின் தொழிலையும் மனைவியின் தொழிலையும் எழுதத் தேவையில்லை என்று கணக்கெடுப்பவர்களுக்கு அறிவுறுத்தல் இருந்தது. ஆகவே அடுப்படிக்குப் பின்னால் ஆணியடித்த பெண்ணின் பெயருக்கு நேரே வெறுமை. அதே கறுப்பு நாட்டில் கிறேட்லி ஹீத் பெண்கள் 1910 இல் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து, சங்கிலி செய்கிற கைக்கு நியாயமான கூலியை வாங்கிய பின்னரே அந்த வெறுமைக்குள் எத்தனை கைகள் இருந்தன என்பது நாட்டுக்குத் தெரிந்தது.

எம்மை அதிகம் நிறுத்தி வைத்தது இன்னொரு வகை ஆவணம். 1662 இல் ஒரு குடியிருப்புச் சட்டம் வந்தது. ஏழை ஒருவன் வேறு பங்கில் போய் உதவி கேட்டால், ஏன், கேட்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தாலே, அவனைச் சொந்தப் பங்குக்குத் திருப்பி அனுப்பலாம். அதற்குமுன் விசாரணை. எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எத்தனை மாதம், என்ன வாடகை கட்டினாய், தகப்பன் எந்த ஊர்? ஒரே எசமானிடம் முழுதாக ஒரு வருடம் வேலை செய்தவனுக்கு அந்த ஊரில் உரித்து உண்டு. ஆகவே எசமான்மார் ஐம்பத்தொரு கிழமைக்கு மட்டும் ஆள் பிடித்தார்கள். விவாகமாகாத கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன் எல்லை கடத்திவிட்டார்கள். பிறக்கும் பிள்ளை தம் பங்குக்குப் பாரமாகிவிடும் என்பதால். எழுத்தறியாத ஒரு கூலிக்காரனின் வாழ்க்கை முழுதும் அவன் வாய்மொழியாகவே கிடைப்பது பெரும்பாலும் இந்த விசாரணைத் தாள்களில்தான். அடியில் ஒரு புள்ளடி.

இதை வாசிக்கும் எம்மில் யாருக்கு இது புதிது? மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலிருக்க, அதே கேள்விகளுக்கு நாமும் பதில் சொல்லிக் கையெழுத்து வைத்தவர்கள்தானே. அந்த ஏழைகளும் தமக்குச் சாதகமாக மாதங்களைக் கூட்டிக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். நாளை எமது பேரப்பிள்ளைகள் எம்மைத் தேடி எமது அகதி விண்ணப்பக் கோவைகளைத் திறந்தால், அதில் அகப்படும் ஆளை அவர்கள் நம்பவேண்டுமா? இந்த இடத்தில் லைட் தரும் பாடம் பெறுமதியானது. ஆவணத்தில் எழுதப்பட்டதை அவர் சாட்சியமாக எடுப்பதோடு நிற்காமல், அதை எழுதவைத்த நெருக்கடியையும் சேர்த்து வாசிக்கிறார்.

நூலின் மைய வாதம் இதுதான்: தேடத் தேட 'சொந்த ஊர்' கரைந்துபோகிறது. வில்ற்ஷயர் என்று போனால் அதற்கு முன்னர் வேறோர் ஊர்; போர்ட்ஸ்மத் என்றால் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். ஏழைகள் வேலைக்குப் பின்னால் ஓடியவர்கள். வேரூன்றிய ஆங்கிலேயன் என்பது அரசியல்வாதிகளும் வாழ்த்து அட்டைகளும் உண்டாக்கிய உருவம். குடியேறிகளை நோக்கி விரல் நீட்டுகிற நாட்டில் இந்த வாதத்துக்கு இருக்கும் தேவையை நாம் சொல்லத் தேவையில்லை. 1685 க்குப் பின் பிரான்சிலிருந்து தப்பியோடி வந்து ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸில் பட்டு நெய்த ஹூகநொற் அகதி ஒருவர் வம்சத்தில் இருந்துவிட்டால் இன்று ஆங்கிலேயருக்கு அது பெருமை. எமது பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு எந்த நூற்றாண்டில் அந்தப் பெருமை வாய்க்குமோ!

ஆனாலும் இரண்டு இடத்தில் எமக்கு உடன்பாடில்லை. ஊரை இவ்வளவு இலகுவாகக் கைகழுவ லைட்டுக்கு முடிவது, ஊர் அங்கேயே இருப்பதால். காரெடுத்துப் போனால் தேவாலயம் இருக்கிறது, கல்லறை இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. 1931 இன் குடிசன மதிப்புத் தாள்கள் 1942 இல் தீயில் அழிந்ததை இங்கே இன்னமும் ஒரு துக்கம்போலப் பேசுகிறார்கள். 1981 இல் நூலகத்தை எரியக் கொடுத்து, பிறகு உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் வீட்டு அத்திவாரத்தையும் கொடுத்தவனுக்கு 'ஊர் ஒரு மாயை' என்பது வேறுவிதமாகக் கேட்கும். இரண்டாவது, கடற்படை. போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் போய்ச் சேர்ந்த துறைமுகங்களில் திருகோணமலையும் ஒன்று. 1957 வரை அது அவர்களுடைய தளம். மாலுமிகளின் வறுமையை நெருக்கமாகக் காட்டும் நூல், அவர்கள் கரையிறங்கிய இடங்களைப் போதிய அளவு காட்டவில்லை என்பது எமது அபிப்பிராயம். இன்னொரு சிறு குறை: பெயர்கள் அதிகம். வம்ச விருட்சப் படத்துக்குப் பல தடவை திரும்பிப் போகவேண்டியிருக்கிறது.

இனி எமது பக்கம். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் வெளிவரும் ஊர்ச் சங்க மலர்களை எடுத்துப் பாருங்கள். ஊரின் பெயர்க் காரணம், கோயில், பள்ளிக்கூடம், ஊர்ப் பெரியார், வெளிநாட்டில் டொக்டரானவர். அந்த ஊரில் துணி வெளுத்தவர், பறை அடித்தவர், மயிர் வெட்டியவர், கள் இறக்கியவர் ஒருவருமே இல்லை. தாமாக விளைந்து, தாமாக வெளுத்த ஊர்கள்! ஆனால் நிலத்தின் பெயர்கள் மறைக்கவில்லை: வண்ணார்பண்ணை, தட்டாதெரு, கொல்லங்கலட்டி. ஒல்லாந்தர் காலத் தோம்பிலும் தொழிலும் ஊழியமும் எழுதப்பட்டுத்தான் இருக்கின்றன. எமது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் தகப்பனின் தொழிலுக்கு ஒரு கட்டம் இருந்தது. ஆதாரம் இல்லையென்று முற்றாகச் சொல்லமுடியாது. கே. டானியல் 'பஞ்சமர்' எழுதியது எந்தக் காப்பகத்தையும் நம்பியல்ல.

ஆங்கிலேயனின் ஆணிக்காரப் பூட்டனை இன்று யாரும் வாசலில் நிறுத்தி வைப்பதில்லை. ஃபுல்லரின் மகனும் சிமித்தின் மகளும் விவாகம் செய்ய யாரும் தோம்பைப் புரட்டுவதில்லை. அங்கே தொழில் பெயராகி, பெயர் வெறும் ஒலியாகிவிட்டது. எமக்கு அது இன்னும் ஒலியாகவில்லை. கனடாவில் கலியாணம் பேசுகிறபோதும் 'ஊரில எவடம்?' என்ற கேள்வியாக வந்து நிற்கிறது. ஆகவே 'எல்லாரும் தமது பூட்டனாரின் தொழிலை எழுதுங்கள்' என்று இந்த நூலைக் காட்டி அறைகூவுவது சுலபம். அதற்கு விலை கொடுக்கப்போகிறவர் யார் என்பதையும் அறைகூவுகிறவர் யோசிக்கவேண்டும். மௌனம் சிலருக்குத் திமிர். சிலருக்கு அதுவே கூரை.

எமது மகள் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது வம்ச விருட்சம் வரைந்து கொண்டுவரச் சொன்னார்கள். அவளுடைய சிநேகிதி தன் பூட்டன் பெயருக்குக் கீழே நிலக்கரிச் சுரங்கம் என்று எழுதி, மண்வெட்டியும் கீறியிருந்தாள். எமது பூட்டனாருக்கு என்ன எழுதுவது என்று மகள் கேட்டாள். 'கமம்' என்று சொன்னோம்; அவள் ஒரு மாட்டைக் கீறினாள். பூட்டனார் பனை ஏறியவர். எமக்கு அது தெரியும். ஆங்கில ஆசிரியைக்கு அதில் ஒரு வேறுபாடும் தெரிந்திராது. அப்படியிருந்தும் சொல்ல வாய் வரவில்லை.

இந்த நூலை யாராவது தமிழுக்குக் கொண்டுவந்தால் நல்லது. மொழிபெயர்ப்பவர் இடறப்போவது கலைச்சொற்களில் அல்ல, மிகச் சாதாரணமான தொழிற் பெயர்களில். தச்சர் என்றாலோ கொல்லர் என்றாலோ தமிழில் ஒரு சாதி எழுந்து உட்கார்ந்துவிடும். மேசன், ரெயிலர், பெயின்ரர் என்றால் ஆள் மட்டும் வருவான். லைட்டின் கல் அடுக்கிய முன்னோரை நாம் மேலே மேசன்மார் என்று எழுதினோம். வேறு சொல் தேடாமல் அதை எழுதியதற்கும் காரணம் இதுதான்.