பரிசோதனையும் பாலரும்

சிறுவர்க்கு விஞ்ஞானத்தைப் பரிசோதனையின் வாயிலாகவே போதிக்க வேண்டும் என்பதை மறுப்பார் இன்று எவருமிலர். ஆனால் வசதியற்ற கிராமப் பள்ளிகளில் அது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்போர், மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் மாவட்டத்தின் அனுபவத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும். கிஷோர் பாரதி என்னும் தொண்டு நிறுவனமும், ரசூலியாவில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையினர் நிறுவிய கிராம மையமும் சேர்ந்து 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டம், 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்து, 2002-இல் மாநில அரசாங்கத்தால் நிறுத்தப்படும்வரை முப்பது ஆண்டுகள் நடந்தது.

விலையுயர்ந்த உபகரணங்கள் இல்லாமல் விஞ்ஞானம் கற்பிக்க இயலாது என்று நாம் சொல்லிவந்த சமாதானத்தை அத்திட்டம் தகர்த்தது. பூவைப் பிரித்து உள்ளுறுப்புக்களைப் பார்க்க எஃகு ஊசி வேண்டியிருக்கவில்லை. வேலியோரத்துக் கருவேல முள்ளே போதுமானதாயிற்று. சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அவற்றில் தீக்குச்சிகளைச் செருகி, முக்கோணம் அசையாது நிற்பதையும் சதுரம் தொட்டவுடன் சாய்ந்துவிடுவதையும் குழந்தைகள் விரலாலேயே உணரும்படி பொறியாளர் அரவிந்த் குப்தா செய்த மாதிரிகள் அந்தச் சூழலில் பிறந்தவையே. எல்லாவற்றிலும் துணிவானது, பரீட்சையையே மாற்றியதாகும்: புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம் என்றும், கையால் செய்துகாட்டுவதற்கும் மதிப்பெண் உண்டு என்றும் ஆனபின் நெட்டுருவுக்கு அங்கே என்ன வேலை?

எனினும் இம்முறைக்கே உரிய அபாயம் ஒன்று உண்டு. பரிசோதனை நடந்துவிட்டதாலேயே உண்மை விளங்கிவிட்டதாக ஆசிரியரும் மாணவரும் திருப்தியடைந்துவிடுகின்றனர். தட்டிலுள்ள தண்ணீரில் மெழுகுவர்த்தியை நிறுத்தி, கொளுத்தி, கண்ணாடித் தம்ளரால் மூடுகிறோம். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. பிராணவாயு எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிற்று என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். அது பிழை. சுடர் அணையும்போதும் பிராணவாயுவின் பெரும்பகுதி உள்ளேயே எஞ்சியிருக்கிறது; எரிந்த பகுதிக்கு ஈடாகக் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன; சூடேறி விரிந்திருந்த காற்று ஆறிச் சுருங்குவதே தண்ணீர் ஏறுவதற்குப் பிரதான காரணம். ஒரு வர்த்திக்குப் பதில் மூன்றை ஏற்றினால், பிராணவாயுவின் அளவு மாறாதிருக்கவும், தண்ணீர் அதிகம் ஏறும். தம்ளரைக் கவிழ்க்கையில் விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதைக் கண்டு "அது என்ன சார்?" என்று கேட்கும் சிறுமியிடம், "அதை விடு, மட்டத்தைப் பார்" என்று சொல்வோமானால், தன் கண்ணை நம்ப வேண்டாம் என்பதையே அவளுக்குப் பாடமாக்குகிறோம்.

குழந்தைகள் யாவற்றையும் தாமே கண்டுபிடிப்பர் என்னும் நம்பிக்கையும் மிகையானது. காந்தத்தின் குணத்தையும் விதை முளைப்பதையும் அவர்கள் தாமே கண்டறியலாம். அணுவின் அமைப்பை எந்தச் சிறுவனும் வகுப்பறை மேசையில் கண்டறியப்போவதில்லை. அத்தகையவற்றை நல்ல உபாத்தியாயர் நேர்படச் சொல்லிவிடுவதே தகும்.

ஆகவே இம்முறையின் வெற்றி கருவிப் பெட்டியைக் காட்டிலும், எதிர்பாராத விடை வந்தபோது, "இன்னொரு முறை செய்து பார்ப்போம்" என்று சொல்லும் தைரியமுள்ள ஆசிரியரையே சார்ந்திருக்கிறது. அந்தத் தைரியம் சுற்றறிக்கையால் வருவதன்று. ஹோசங்காபாத்தில் ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, வகுப்பில் பிசகிய பரிசோதனைகளைத் தாமே மறுபடி செய்து விவாதித்தனர். அந்தக் கூட்டங்களே அத்திட்டத்தின் உயிர்நாடி என்பது என் துணிபு. பள்ளிகளுக்கு விஞ்ஞானப் பெட்டிகளை வாங்கி அனுப்பும் கல்வி அதிகாரிகள், அப்பெட்டியைத் திறக்கப்போகும் ஆசிரியருக்கு மாதத்தில் ஒரு நாளையேனும் இத்தகைய கூட்டத்துக்கென ஒதுக்கித் தர வேண்டும்.