தந்தையின் சாசனமும் மைந்தனின் வழியும்

உயில் என்றவுடன் வீடும் நிலமும் நகையுமே நம் நினைவிற்கு வருகின்றன. எபிரெயர் 9:16இல் தமிழ்த் திருமறை வழங்கும் ‘மரணசாசனம்’ என்னும் சொல்லோ அதனினும் அகன்ற பொருளுடையது. மூலத்தில் அங்கு நிற்கும் ‘தியாதேக்கே’ என்னும் கிரேக்கச் சொல் உயிலையும் உடன்படிக்கையையும் ஒருங்கே சுட்டும். உடைமைகளை அன்றித் தாம் வாழ்ந்த நெறியையே மக்களுக்கு எழுதி வைக்கும் வழக்கம், இடைக்கால யூதரிடையே தனி இலக்கிய வகையாக வளர்ந்தது. இத்தகைய சாசனங்கள் பலவற்றை இஸ்ரயேல் ஆபிரகாம்ஸ் என்னும் அறிஞர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் தொகுத்தார். அவை 1926இல் பிலதெல்பியாவில் இரு தொகுதிகளாக வெளிவந்தன. மரணப்படுக்கையின் அருகே அமர்ந்து, பெற்றோர் சொல்லும் இறுதி வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சுமந்து செல்லும் பொறுப்பு ஆயர்களுக்கு நேரிடுவதால், இவ்விலக்கியத்தை ஆராய்ந்து நோக்குவது நமக்குப் பயனுடையது எனக் கருதுகிறோம்.

இத்தொகுப்பில் நம் கருத்தை மிகுதியும் ஈர்ப்பது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூதா இப்னு திப்போன் தம் ஒரே மைந்தன் சாமுவேலுக்கு எழுதியது. கிரனாடாவில் பிறந்து, தென் பிரான்சின் லூனேல் நகரில் குடியேறிய இவர் மருத்துவர். அரபு நூல்களை எபிரெயத்தில் பெயர்த்தவர்களுள் முன்னோடி. இவருடைய சாசனம் ஆசிமொழிகளின் மாலையன்று. அதில் பெரும்பகுதி குறைகூறலே. உனக்கென ஆசிரியர்களைத் தேடிப் பொருள் செலவிட்டேன், நீ கற்கவில்லை. அரபு எழுத்தில் பயிலவில்லை. என்னைக் கலந்துகொள்ளாமலே காரியங்களில் இறங்குகிறாய் என்று அடுக்கிக்கொண்டே செல்கிறார். மனைவியை மதித்து நடத்து, உணவில் கட்டுப்பாடு கொள் என்னும் அறிவுரைகளும் இடையிடையே வருகின்றன. இவை எவரும் கூறக்கூடியவை.

ஆனால் தம் நூலகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இவருடைய நடையே மாறிவிடுகிறது. நூல்களைத் தோழராகக் கொள்ளச் சொல்கிறார். எபிரெய நூல்களை மாதம் ஒருமுறையும் அரபு நூல்களை இரு மாதங்களுக்கு ஒருமுறையும் எடுத்துப் பார்க்க வேண்டும். கூரையொழுக்கும் எலியும் அணுகாமல் காக்க வேண்டும். இரவல் கொடுக்கும் நூலைக் குறித்து வைத்து, திரும்பி வந்ததும் அக்குறிப்பை அடித்துவிட வேண்டும். (நம் கல்லூரி நூலகங்களில் இன்றும் இவ்விதி ஒட்டப்படலாம்!) அறவுரை பேசும்போது இவர் நீதிமான், நூல்களைப் பேசும்போதே தந்தை. தாம் உண்மையிலேயே நேசித்த ஒன்றை மைந்தன் கையில் ஒப்படைப்பதால், அப்பக்கங்களில் கட்டளையும் அன்பாகவே ஒலிக்கிறது. மரணத்தை எதிர்நோக்கிய பவுலும் தீமோத்தேயுவிடம் மேலங்கியையும் புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் கேட்டு எழுதினார் (2 தீமோ. 4:13) என்பது இவ்விடத்தில் நம் நினைவிற்கு வருகிறது.

இனிப் பின் நிகழ்ந்ததை நோக்குவோம். சோம்பேறி எனக் கடியப்பட்ட சாமுவேலே மைமோனிதேசின் ‘திகைத்தோர்க்கு வழிகாட்டி’யை அரபிலிருந்து எபிரெயத்தில் பெயர்த்தார். அப்பணி, மைமோனிதேசு மறைந்த 1204ஆம் ஆண்டிலேயே முடிந்தது. தந்தை அதைக் காணவில்லை. கண்டிப்பே மைந்தனைத் திருத்தியது என்று சிலர் வாதிடலாம். நாம் அதை ஏற்பதற்கில்லை. ஒரு சாசனம் என்ன விளைத்தது என்பதை அதன் வாசகத்திலிருந்து அளக்க இயலாது. அந்நூலகமும் அரபு மொழியும் இன்றி இப்பணியை எண்ணிப் பார்ப்பது அரிது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறோம். தந்தையின் உடைமை நிலைத்தது. தந்தையின் தீர்ப்பு நிலைக்கவில்லை.

ஆதியாகமம் 49ஆம் அதிகாரம் இதனினும் ஆழமானது. யாக்கோபு லேவியைச் சபித்து, இஸ்ரவேலிலே சிதறப்பண்ணுவதாகக் கூறுகிறான். லேவியர் சிதறவே செய்தனர். ஆயினும் ஆண்டவருடைய ஊழியக்காரராய், தேசமெங்கும் பகிர்ந்தளிக்கப்பட்ட பட்டணங்களிலே வாழ்ந்தனர். தந்தையின் சொல் பொய்க்கவில்லை. அதன் பொருளைத் தேவன் வேறாக்கினார். இவ்வதிகாரத்தை அடக்க ஆராதனைகளில் விளக்குவோர் யூதாவின் ஆசீர்வாதத்தோடு நின்றுவிடுவது பெருங்குறை என்போம்.

அக்கோ நகரிலிருந்து நக்மானிதேசு தம் மைந்தனுக்கு எழுதிய மடல் சுருக்கமானது. தாழ்மையைப் போதித்து, வாரம் ஒருமுறை வாசிக்கப் பணிக்கிறது. அழகியதே எனினும், அதில் மைந்தனின் முகத்தை நாம் காண்பதில்லை.

முற்றிலும் வேறான குரல் ஒரு தாயினுடையது. ஹாமெலின் கிளூக்கெல் 1689இல் கணவரை இழந்தபின், துயர் ஆற்றவும் தம் மக்கள் தம் குலத்தை அறியவும் இத்திஷ் மொழியில் நினைவுகளை எழுதினார்; அந்நூல் 1896இல்தான் அச்சேறியது. தாம் அறநூல் எழுதவில்லை என்று தொடக்கத்திலேயே கூறிவிட்டு, ஒரு பறவைக் கதை சொல்கிறார். புயலுக்குத் தப்பக் கடலின் மேல் குஞ்சை ஏந்திப் பறக்கும் தந்தைப் பறவை, “என் முதுமையில் நீ என்னை இவ்வாறு சுமப்பாயா?” என்று வினவுகிறது. சுமப்பேன் என்ற முதற்குஞ்சைப் பொய்யன் என்று கடலில் விடுகிறது. இரண்டாவதற்கும் அதே கதி. மூன்றாவதோ, “அதற்கு நான் வாக்குக் கொடுக்க இயலாது, ஆனால் என் குஞ்சுகளுக்கு நீர் எனக்குச் செய்ததைச் செய்வேன்” என்கிறது. அதுவே கரை சேர்க்கப்படுகிறது.

கதை கொடியது; இரு குஞ்சுகளின் சாவை அது எளிதில் கடந்துவிடுகிறது. எனினும் இப்னு திப்போன் தொடாத ஒன்றை இத்தாய் தொட்டுவிட்டார். அவர் தம் மைந்தனிடம் கேட்டது முதற்குஞ்சின் விடையை. லோவிசாளிடமும் ஐனிக்கேயாளிடமும் குடிகொண்டிருந்த விசுவாசம் தீமோத்தேயுவிடமும் உண்டென்று பவுல் நினைவுகூரும்போது (2 தீமோ. 1:5) அப்பெண்மணிகள் கட்டளையிட்டது எதையும் அவர் குறிப்பிடவில்லை என்பது நோக்கற்பாலது.

இச்சாசனங்களைத் தமிழாக்க எவரேனும் முன்வருவராயின், இப்னு திப்போனின் கடிந்துரைகளைச் சுருக்கிவிட வேண்டா என்பது நம் வேண்டுகோள். அவற்றின் நீளத்தை உணர்ந்தபின்னரே, நூலகத்தைப் பற்றிய அச்சில பக்கங்களின் மென்மை வாசகருக்குப் புலப்படும்.