பரமேஸ்வரா தமிழரா? பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா?

தேக்காவில் ஒரு துணைப்பாட வகுப்பு. "பரமேஸ்வரான்னு பேர் இருக்கே, அப்போ அவர் தமிழர்தானே சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். ஆசையோடு கேட்ட கேள்வி. நமக்கும் தலையாட்டத் தோன்றும். ஆனால் பரமேஸ்வரா என்பது வடமொழிப் பட்டம். சாவகத்து அரசவைகளிலும் அது வழங்கியது. அதை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது.

சரி, 'செஜாரா மெலாயு' என்ன சொல்கிறது? மலாக்காவை நிறுவியவரை அது பரமேஸ்வரா என்று அழைப்பதே இல்லை. சிங்கப்பூரின் கடைசி அரசர் இஸ்கந்தர் ஷா என்கிறது. முஸ்லிம் பெயர்தானே என்பீர்கள். அதே நூலில் மலாக்கா அரசர் இஸ்லாத்தைத் தழுவுவது அவருக்குப் பின்வந்த முகம்மது ஷா காலத்தில்தான்! சீன மிங் குறிப்புகளோ, 1414-ல் இஸ்கந்தர் ஷா வந்து தம் தந்தை இறந்த செய்தியைச் சொன்னதாகப் பதிகின்றன. இருவரும் ஒருவரே என்ற பழைய கருத்தை வாங் குங்வு 1968-ல் மறுத்தது இந்த அடிப்படையில்தான்.

இந்த நூலின் நோக்கம் அரச வம்சாவளியை உயர்த்துவது. அதனால்தான் சாங் நீல உத்தமாவை இஸ்கந்தர் சுல்கர்னைன், ராஜா சூலன் ஆகியோரின் வழியில் வைக்கிறது. சூலன் என்பதில் சோழன் பெயர் ஒலிக்கிறது. ஆனால் சூலன் வம்சக் கதையில் கண்ணாடிப் பெட்டியில் கடலுக்கடியில் இறங்கிக் கல்யாணம் செய்வதும் வருகிறது. இதை ரத்த உறவுக்குச் சான்றாகக் காட்ட முடியுமா?

ஃபோர்ட் கேனிங் குன்றையே பாருங்கள். இஸ்கந்தர் ஷாவின் பெயரால் ஒரு கெராமாட் அங்கே இருக்கிறது. 1928-ல் அதே குன்றில் கிடைத்த தங்கக் காப்பில் இருப்பதோ சாவக பாணிக் காலன் முகம்.

வேறு நாடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. யூதேயாவை ஆண்ட ஏரோது சமயத்தால் யூதர், வம்சத்தால் இதுமேயர். எதிரி ஒருவர் அவரை 'அரை யூதர்' என்று இகழ்ந்ததை ஜொசிபஸ் எழுதியிருக்கிறார்.

மாணவர்களே, தேர்வில் "அவர் தமிழர்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்த நூல் சொல்கிறது, எப்போது எழுதியது, ஏன் அப்படிச் சொல்கிறது என்று மூன்றையும் எழுதுங்கள். 1025-ல் ராஜேந்திர சோழனின் படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டு கழித்தும் ஒரு மலாய் நூல் சோழன் பெயரை மறக்கவில்லை. நமக்கு அந்தப் பெருமை போதாதா?