நெட் சென்டருக்கு எது தோது: விண்டோஸா, லினக்ஸ் மின்ட்டா?

மென்பொருளை எவ்வளவு சுலபமாக நிறுவலாம் என்று பார்த்துத்தான் பலரும் இயங்குதளத்தை எடைபோடுகிறார்கள். நிறுவுவது ஒரு தடவை வேலை. அப்டேட்டோ கணினி இருக்கும்வரை தொடரும். ஆகவே அப்டேட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வதே நியாயம் என்பேன். சித்தூர், திருப்பதி நெட் சென்டர்களின் பிழைப்பே இதற்குச் சாட்சி. திருமலை 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட் வழக்கமாகக் காலை 10 மணிக்கு ஆன்லைனில் திறக்கும், மளமளவென்று தீர்ந்துபோகும். முந்தின இரவு அரைகுறையாக நின்ற விண்டோஸ் அப்டேட், காலையில் கணினியைப் போட்டதும் மீண்டும் தொடங்கி, அணைக்க வேண்டாம் என்று சொல்லிச் சுற்றிக்கொண்டிருந்தால் வாடிக்கையாளருக்கு அந்த மாத டிக்கெட் போயிற்று. வேலை நேரத்தைக் குறித்துவைக்கவும் அப்டேட்டைத் தள்ளிப்போடவும் விண்டோஸில் வசதி உண்டுதான். ஆனால் தள்ளிப்போட்ட அப்டேட் பிறகு மொத்தமாக வந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய குறை, விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியாகத் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது. குரோம் தானே புதுப்பித்துக்கொள்ளும். வின்ரார் அப்படிச் செய்யாது. 2023இல் வின்ராரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. திருத்திய பதிப்பு வந்த பிறகும், தேடிப்போய் இறக்காதவர்களின் கணினியில் பழையதே கிடந்தது. ஊரார் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்யும் கணினியில் அப்படி ஒரு ஓட்டை இருக்கலாமா? மின்ட்டில் திரையின் கீழ் மூலையில் கேடய வடிவ ஐகான் ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் கெர்னல், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றுக்கும் வந்திருக்கும் புதுப்பிப்புகள் ஒரே பட்டியலில் நிற்கும். கடவுச்சொல் கொடுத்தால் பின்னால் அது பாட்டுக்கு நடக்கும், முன்னால் நம் வேலை நடக்கும். மறுதொடக்கம் தேவைப்பட்டாலும் நேரத்தை நாமே முடிவு செய்யலாம். தமிழ், தெலுங்கு இரண்டுக்குமான லோஹித் எழுத்துருக்களும் மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே வருகின்றன. கண்ட தளத்திலும் இறக்கத் தேவையில்லை. அப்டேட் ஏதாவது கெடுத்துவிட்டால், டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவியை முன்பே அமைத்து வைத்திருப்பவர்கள் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

விண்டோஸிலும் விங்கெட் இருக்கிறதே என்பார்கள். நல்ல கருவிதான், ஒரே கட்டளையில் பலவற்றைப் புதுப்பிக்கும். ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டச் சொன்னால் எத்தனை கடைக்காரர்கள் தட்டுவார்கள்? வலுவான ஆட்சேபம் வேறு. தெலுங்கு டிடிபி கடைகள் பேஜ்மேக்கரையும் அனு எழுத்துருக்களையும் நம்பி இருக்கின்றன, இரண்டும் விண்டோஸுக்கானவை. டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் பெரும்பாலும் விண்டோஸில்தான் தொல்லையில்லாமல் ஓடும். இதை மறுக்க முடியாது. ஆனால் இந்த வேலைகளுக்கு ஒரு கணினி போதும். மற்றவற்றில் நடப்பதெல்லாம் பிரவுசரும் பிரிண்டும்தான்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை சிப்பாவது வேண்டும். அதற்கு முந்தைய கணினியிலும் 4 ஜிபி ராம் இருந்தால் மின்ட் 22 ஓடும், 2029 வரை அப்டேட்டும் வரும். டிடிபிக்கும் கையொப்பத்துக்கும் ஒரு விண்டோஸை வைத்துக்கொண்டு, மீதியை மின்ட்டுக்கு மாற்றுங்கள். மாற்றுமுன் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி, உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.