பேயின் மொழி, அயலாரின் மொழி: ‘மணிச்சித்ரத்தாழ்’ கதையும் அதன் மொழிமாற்றங்களும்

1. முன்னுரை

பாழடைந்த பெருவீடு, அதில் பூட்டப்பட்ட ஓர் அறை, அவ்வறைக்குள் வஞ்சிக்கப்பட்ட ஒரு பெண்ணின் ஆவி என்னும் கதைக்கூறு தென்னிந்திய நாட்டார் வழக்காற்றில் பரவலாகக் காணப்படுவதாகும். அவ்வாவி யாரைப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது, எவ்வாறு விரட்டப்படுகிறது என்பனவற்றை வழக்காற்றியலார் வகைப்படுத்துவர். அது எம்மொழியில் பேசுகிறது என்னும் வினாவோ மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது. ஒரே கதை பல மொழிகளுக்குச் செல்லும்போது இவ்வினா கோட்பாட்டு நிலையிலிருந்து நடைமுறைச் சிக்கலாக மாறிவிடுகிறது. 1993-இல் வெளிவந்த ‘மணிச்சித்ரத்தாழ்’ என்னும் மலையாளத் திரைப்படமும் அதன் வழிவந்த படங்களும் இதற்குத் தக்க சான்றுகளாகும். அவற்றின் மொழித் தேர்வுகளை ஆராய்ந்து, அவை பெற்றனவற்றையும் இழந்தனவற்றையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வீடும் சொல்லும்

மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய இப்படத்தின் கதைக்கு, ஆலப்புழை மாவட்டம் முட்டத்திலுள்ள ஆலும்மூட்டில் என்னும் பழைய ஈழவக் குடும்பத்து வீட்டில் நிகழ்ந்த கொலைத் துயரம் வித்தாக அமைந்தது என்பர். படத்தில் அவ்வீடு மாடம்பள்ளி என்னும் தறவாடாகிறது. காரணவரான சங்கரன் தம்பி தஞ்சாவூரிலிருந்து கொணர்ந்த நாகவல்லி என்னும் நடனமாது அங்குக் கொல்லப்படுகிறாள். அவள் ஆவி ‘தெக்கினி’யில் பூட்டி வைக்கப்படுகிறது. பின்னாளில் கல்கத்தாவிலிருந்து வந்து அவ்வீட்டில் தங்கும் கங்கை அப்பூட்டைத் திறக்கிறாள். தன்னை நாகவல்லியாகவே உணரத் தொடங்குகிறாள்.

நாலுகெட்டு வீட்டின் நான்கு பகுதிகள் வடக்கினி, தெக்கினி, கிழக்கினி, படிஞ்ஞாற்றி எனப்படும். ஆகவே தெக்கினி என்பது கட்டடக் கலைச்சொல். அதே வேளையில், தெற்கு கூற்றுவனின் திசை. இறந்த முன்னோரைத் ‘தென்புலத்தார்’ எனக் குறிப்பது தமிழ் வழக்கு. எனவே அச்சொல் கேட்பவர் உள்ளத்தில் வீட்டின் ஒரு பகுதியையும் இறந்தோர் உலகையும் ஒருங்கே எழுப்பவல்லது. தமிழில் இதற்கு நிகரான ஒற்றைச்சொல் இல்லை. 2005-இல் பி. வாசு இயக்கிய ‘சந்திரமுகி’ தறவாட்டை வேட்டையபுரம் அரண்மனையாக மாற்றியதால் இச்சொற்சிக்கலைத் தவிர்த்துக்கொண்டது. ஆனால் தாய்வழிக் குடும்பமும் காரணவரின் அதிகாரமும் அத்துடன் மறைந்தன. குடும்பத் தலைவன் இழைத்த கொடுமை அரசன் இழைத்த கொடுமையாயிற்று. முன்னது வீட்டினுள்ளேயே நிகழும் குற்றம். பின்னது குடிமக்கள் தொலைவில் நின்று கேட்கும் கதை. இவ்வேறுபாடு சிறிதன்று.

‘தாழ்’ என்னும் சொல் இரு மொழிக்கும் பொது, திருக்குறளிலும் வருவது. எனினும் படத்தின் பெயரைத் தமிழில் அப்படியே இட முடியாது. இன்றைய தமிழில் ‘தாழ்ப்பாள்’ நிலைத்துவிட்டதால் ‘தாழ்’ செய்யுட் சொல்லாகிவிட்டது. வீட்டைக் குறிக்கும் சொற்களிலும் இத்தகைய நகர்வு உண்டு. தமிழ்ப் பேச்சுவழக்கு இத்தகைய வீட்டைப் ‘பேய் பங்களா’ என்கிறது. ‘பங்களா’ என்பது வங்காளத்தின் பெயரடியாகப் பிறந்த சொல். தமிழரின் பேய்வீட்டுக்குள் அயல்நாட்டின் பெயர் முன்னரே குடியேறியிருக்கிறது.

‘தெய்வ’ என்னும் வடசொல்லின் போக்கு இன்னும் வியப்பூட்டுவது. தமிழில் ‘தெய்வம்’ வழிபடப்படுவது. வடமலபாரில் ‘தெய்யம்’ தெய்வம் ஏறி ஆடும் சடங்கு. தெலுங்கில் ‘தெய்யம்’ பேய். ஒரே சொல் மூன்று மொழிகளில் கடவுளாகவும் ஆட்டமாகவும் பேயாகவும் நிற்கிறது. நாகவல்லியின் கதை இம்மூன்றையும் தொடுவதால், சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் எளிதில் இடறிவிழும் இடம் இது.

3. ஆவியின் மொழி

மலையாள மூலத்தில் நாகவல்லி தமிழ் பேசுகிறாள். கங்கை வேறொருத்தியாக மாறினாள் என்பதை உடையும் நடனமும் காட்டுவதற்கு மேலாக அவள் மொழி மாறுவதே காட்டுகிறது. தமிழாக்கத்தில் ஆவியும் தமிழே பேசியிருந்தால் இக்குறி முற்றிலும் அழிந்திருக்கும். வழிநூல் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைத் தொல்காப்பியம் கூறும். வழிநூல் மூலத்தின் சொல்லைப் பின்பற்றுவதா, சொற்களிடையே உள்ள உறவைப் பின்பற்றுவதா என்னும் கேள்வி இங்குக் கூர்மையடைகிறது.

படங்களின் விடை வருமாறு அமைந்துள்ளது:

மலையாளம் (1993): ஆவி பேசுவது தமிழ்.
கன்னடம், ‘ஆப்தமித்ரா’ (2004): தெலுங்கு.
தமிழ், ‘சந்திரமுகி’ (2005): தெலுங்கு.
‘சந்திரமுகி’யின் தெலுங்குக் குரல்மாற்று வடிவம் (2005): தமிழ்.
இந்தி, ‘பூல் புலையா’ (2007): வங்காளம்.

இப்பட்டியலில் ஓர் ஒழுங்கு உண்டு. எந்த வடிவத்திலும் ஆவி அவையோரின் தாய்மொழியைப் பேசுவதில்லை. அவையோர் அறவே அறியாத தொலைமொழியையும் பேசுவதில்லை. அது பேசுவது அடுத்த வீட்டு மொழி: காதுக்குப் பழகியது, பாதி விளங்கி, பாதி விளங்காதது. அச்சம் பிறப்பது இவ்விடைவெளியில்தான். முற்றும் விளங்கினால் அது உறவினரின் புலம்பலாகிவிடும். முற்றும் விளங்காவிட்டால் வெறும் ஓசையாகிவிடும். தமிழிலிருந்து தெலுங்குக்குக் குரல்மாற்றம் செய்தபோது ‘ரா ரா’ என்னும் பாடல் ‘வாராய்’ எனத் தமிழானது, இவ்விதியை ஆக்கியோர் உணர்ந்தே செயற்பட்டனர் என்பதற்குச் சான்று. இயங்குநிலை நிகர்மை பற்றி 1964-இல் நைடா கூறிய கருத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. இங்கு மாறாமல் பெயர்க்கப்பட்டது இரு மொழிகளுக்கு இடையிலான தொலைவு.

திரைக்கு வெளியிலும் இவ்வமைப்பு காணப்படுகிறது. நாக்பூரில் 1974 முதல் மராத்தி பேசும் ஒரு பெண் அவ்வப்போது வேறொருத்தியாக மாறி வங்காளம் பேசியதை இயன் ஸ்டீவன்சன் ‘கற்காத மொழி’க்குச் சான்றாக ஆராய்ந்தார். அப்பெண் வங்காளத்தோடு முன்பே ஓரளவு பழகியிருந்தார் என்பதைச் சாரா தாமசன் போன்ற மொழியியலார் எடுத்துக்காட்டி அம்முடிவை ஏற்க மறுத்தனர். ஆவியேற்றத்தில் வெளிப்படும் மொழி, சமூகத்தின் செவியில் ஏற்கெனவே இருக்கும் மொழியே என்பது இதனால் புலப்படும்.

4. நாட்டியத்தின் மொழியும் வரலாறும்

தமிழாக்கத்தைக் குறைகூறுவோர், தஞ்சாவூர் நாகவல்லியைத் தெலுங்கு நாட்டுச் சந்திரமுகியாக்கியது வணிக வசதிக்காகச் செய்த மாற்றம் என்பர். வரலாறு அவ்வளவு எளிதாக இடம் தரவில்லை. தஞ்சை நாயக்கர் அவையிலும் அதன்பின் மராத்தியர் அவையிலும் இசைக்கும் நாட்டியத்துக்கும் முதன்மையான மொழி தெலுங்காக இருந்தது. க்ஷேத்ரய்யாவின் பதங்கள் தெலுங்கில் அமைந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மனின் அவையைச் சார்ந்த முத்துப்பழனி ‘ராதிகா சாந்த்வனமு’ நூலை இயற்றியதும் தெலுங்கிலேயே. எனவே தஞ்சை அரசவை நடனமாது ஒருத்தி சினத்திலும் காதலிலும் தெலுங்குப் பதத்தைப் பாடுவது இயல்பே. மலையாள மூலம் தஞ்சாவூரைத் தமிழுக்குச் சமமாக்கியபோது ஒரு பன்மொழி அவையை ஒருமொழி அவையாகச் சுருக்கியது. தமிழாக்கம் தன்னை அறியாமலேயே அச்சுருக்கத்தைத் திருத்தியது.

ஆயினும் தமிழாக்கம் ஒன்றை இழந்தது. மலையாளிக்குத் தமிழ் வெறும் அண்டைமொழியன்று. தன் பழம்பாடல்களிலும் கல்வெட்டுகளிலும் அவன் காணும் மொழி. தன் மொழியின் முன்னிலை போலத் தோன்றுவது. ஆகவே நாகவல்லியின் தமிழ் மலையாள வீட்டின் பூட்டப்பட்ட கடந்தகாலமாகவும் ஒலிக்கிறது. தமிழனுக்குத் தெலுங்கு அவ்வாறு ஒலிப்பதில்லை. வரலாற்று உறவு உண்டு. பிறப்புறவின் நினைவு இல்லை. படப்பிடிப்பின் ஒரு பகுதி நிகழ்ந்த பத்மநாபபுரம் அரண்மனை இதற்கு நல்ல அடையாளம். ‘தெக்கே கொட்டாரம்’ என்னும் பகுதியையும் உடைய அவ்வரண்மனை, 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்தைச் சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் நிற்கிறது. அதன் பொறுப்போ கேரள அரசிடம் இருக்கிறது. மலையாளக் கதையின் வீடே இரு மொழிகளுக்கு இடைப்பட்ட வீடு.

5. மொழிபெயர் தேயம்: பட்டான்செருவும் கோல்கொண்டாவும்

வேங்கடத்துக்கு அப்பாலுள்ள நிலத்தைச் சங்கப் புலவர் ‘மொழிபெயர் தேயம்’ என்றனர். அத்தேயத்தில், ஐதராபாத்துக்கு வடமேற்கே உள்ள பட்டான்செரு இக்கட்டுரையின் சிக்கலை ஊர்ப்பெயரிலேயே தாங்கி நிற்கிறது. கல்யாணிச் சாளுக்கியருள் இரண்டாம் ஜயசிம்மன் தங்கி ஆண்ட பொட்டலகெரெ இதுவே என ஆய்வாளர் அடையாளம் காண்பர். கன்னடக் ‘கெரெ’ தெலுங்கில் ‘செருவு’ ஆகும். இரண்டும் ஏரியைக் குறிப்பன. முன்னுயிர்க்கு முன் ககரம் தெலுங்கிலும் தமிழிலும் சகரமாவதும் கன்னடத்தில் மாறாமல் நிற்பதும் திராவிட மொழியியலில் நன்கறியப்பட்டவை. அணையையும் காவலையும் குறிக்கும் தமிழ்ச் ‘சிறை’யையும் இவற்றோடு இணைத்துக் காண்பர். ஆக ஊரின் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு.

அப்பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது புதிய இடர் எழுகிறது. தெலுங்கின் ஒற்றை வல்லொலியைக் காக்க ‘ட்ட’ இடவேண்டியுள்ளது. உயிரிடை ‘ட’ தமிழில் மென்மையடையும் என்பதே காரணம். அவ்வாறு எழுதியதும் தமிழ்ச் செவி ‘பட்டான்’ என்பதில் வீழ்ந்தவனையும் ‘செரு’ என்பதில் போரையும் கேட்கக்கூடும். ஏரிக்கரை ஊர் ஒன்று, எழுத்துப்பெயர்ப்பின் விளைவாக நடுகல்லும் ஆவியும் உடைய போர்க்களமாகிவிடும். நாட்டார் சொற்பிறப்பு இவ்வாறுதான் பேய்க்கதைகளை ஈனுகிறது.

கோல்கொண்டாக் கோட்டையில் இரவு வேளையில் தாராமதியின் சலங்கை ஒலி கேட்கும் என்னும் கதை வழங்குகிறது. அப்துல்லா குதுப்ஷா (1626–1672) காலத்தவளாகக் கூறப்படும் அவளது பாடல் காற்றில் கோட்டைவரை மிதந்து வந்ததாம். அவள் பாடியது தெலுங்கா, தக்கினியா, பாரசீகமா என்று அக்கதை கவலைப்படுவதில்லை. உருதுவில் சொல்பவரிடம் அவள் உருதுப் பெண். தெலுங்கில் சொல்பவரிடம் தெலுங்குப் பெண். வாய்மொழி வழக்கில் ஆவி சொல்பவரின் மொழிக்குள் கரைகிறது. பேசும் படத்திலோ அதற்குக் குரல் தந்தாக வேண்டும். குரல் தந்தால் மொழியும் தந்தாக வேண்டும். வழக்காற்றைத் திரைக்குப் பெயர்ப்பதில் உள்ள அடிப்படை மாற்றம் இதுவாகும்.

இன்னொரு செய்தியும் நோக்கத்தக்கது. வடசொல் விலக்கிய ‘அச்ச தெலுங்கு’க் காவியங்களுள் முதலாவதாகப் போற்றப்படும் ‘யயாதி சரித்திரமு’வைப் பொன்னிகண்டி தெலகனார்யர் பதினாறாம் நூற்றாண்டில் இயற்றிப் பட்டான்செருவின் தலைவரான அமீன்கானுக்கு உரிமையாக்கினார். தூய தெலுங்கின் புரவலர் ஒரு முஸ்லிம் தலைவர். அயலார் ஒரு மொழியைக் கைப்பற்றிக்கொள்வதும் உண்டு, பேணுவதும் உண்டு என்பதை இது நினைவூட்டுகிறது. பேய்க்கதை முன்னதை மட்டுமே அறியும்.

6. இழப்புகள்

இப்படங்களின் மொழித் தேர்வு கூர்மையானது. எனினும் விலையின்றி வந்ததன்று. முதலாவதாக, அயல்மொழி பேசும் பெண் எல்லா வடிவங்களிலும் கொணரப்பட்டவள், அடைக்கப்பட்டவள், மாண்டவள். வீட்டார் நலம்பெறுவது அவள் மொழி ஓயும்போதுதான். அநீதிக்கு ஆளானவள் அவளே என்று கதை ஏற்றுக்கொண்டபோதும் நோயாகக் கருதப்படுவது அவளது பேச்சு.

இரண்டாவதாக, பெறுமொழிகளில் அவள் பேச்சு குன்றியது. மூலத்தில் நாகவல்லி தமிழில் வாதிடுகிறாள், வஞ்சினம் கூறுகிறாள். தமிழாக்கத்தில் மக்கள் நினைவில் ஆழப் பதிந்ததோ அரசன் வேட்டையனின் பொருளற்ற அசையடுக்கு. வஞ்சிக்கப்பட்டவளின் சொல்லினும் வஞ்சித்தவனின் ஓசை நீடித்தது.

மூன்றாவதாக, அக்குரலுக்கு உரியவர் மறக்கப்பட்டார். கங்கைக்கு மலையாளத்தில் பாக்கியலட்சுமி குரல் தந்தார். நாகவல்லியின் தமிழும் அவருடையதே எனப் பலர் நம்பி வந்தனர். அது தமிழ்க் குரற்கலைஞர் துர்காவினுடையது என்பதை 2016-இல்தான் ஃபாசில் விளக்கினார். இருபதாண்டுக்கு மேல் ஒரு மொழியின் குரல் மற்றொரு மொழிக்குரலின் பெயருக்குள் பூட்டப்பட்டிருந்தது.

நான்காவதாக, துணையுரைகள். ஆங்கிலத்தில் துணையுரை எழுதும்போது கங்கையின் மலையாளமும் நாகவல்லியின் தமிழும் ஒரே ஆங்கிலமாகிவிட்டால், காது உணரும் மாற்றத்தைக் கண் அறிவதில்லை. மூலத்துக்குள் மூன்றாம் மொழி வரும் இடங்களை எழுத்துருவாலோ மொழிப்பெயர்க் குறிப்பாலோ வேறுபடுத்திக் காட்டுவது எளிது. அதைச் செய்யாத துணையுரை கதையின் மையக் குறியையே நீக்கிவிடுகிறது.

7. முடிவுரை

ஆவியின் மொழி தனிச்சொற்களின் தொகுதியன்று. அவையோரின் மொழிக்கும் அண்டைமொழிக்கும் உள்ள உறவின் குறி. அவ்வுறவை மாற்றிடத்தில் மீட்டமைத்த வகையில் ‘சந்திரமுகி’யும் அதன் தெலுங்கு வடிவமும் சொல்லுக்குச் சொல் பெயர்த்த நூல்கள் பலவற்றினும் நேர்மையான மொழிபெயர்ப்புகளாகும். ஆனால் உறவை மீட்டவர்கள் அதில் உறைந்த சமூகப் பொருளை மீட்கவில்லை. தறவாடு, தாய்வழி, தெக்கினி, பிறப்புறவின் நினைவு ஆகியன கைநழுவின.

நாவலிலோ நாடகத்திலோ பிறமொழிப் பேச்சை எதிர்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளவேண்டும்: அம்மொழி மூலத்தின் வாசகருக்கு எவ்வளவு தொலைவு? பெறுமொழி வாசகருக்கு அதே தொலைவில் நிற்கும் மொழி எது? அம்மொழியை மாற்றினால் யாருடைய வரலாறு அழியும்? முதல் இரண்டுக்கும் திரைப்படத்தார் விடை கண்டனர். மூன்றாவதை அவர்கள் எழுப்பவில்லை. மொழிபெயர்ப்பாளர் தொடங்கவேண்டிய இடம் அதுவே.